மருமகளுக்கும் ஓர் இலை



ஆகமன காலம் தொடங்கிவிட்டது. குடில் கட்டுவதற்கு மூங்கிலும் வைக்கோலும் கோவில் முற்றத்தில் வந்து இறங்கியாயிற்று. வீடுகளில் வெள்ளையடிப்பு நடக்கிறது. தாய்மார் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அரிசி ஊறப் போடுகிறார்கள். தூரதேசத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று வருவார்கள் என்று பெரியவர்கள் நாள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். இந்தச் சந்தோஷ வேளையில் கசப்பான காரியம் ஒன்றைப் பற்றி எழுத வருகிறேனே என்று மனவருத்தப்பட வேண்டாம். திருநாள் வருமுன் சொன்னால்தான் இதனால் பிரயோசனம் உண்டு. திருநாள் முடிந்தபின் சொல்வது, பந்தி எழுந்தபின் உப்பு கொண்டுவருவதைப் போலாகும்.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு பங்கில் வீடு சந்திக்கப் போயிருந்தேன். சிறிய வீடு; சுத்தமான வீடு. சுவரில் திரு இருதய ஆண்டவர் படம், அதன்கீழ் எரியும் விளக்கு. புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள். "பாலன் பிறப்புத் திருநாளுக்கு எங்கே போவீர்கள்?" என்று வழக்கமாகக் கேட்பதைப் போலக் கேட்டேன். புருஷன் தரையைப் பார்த்தான். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்: "இவுகளும் பிள்ளைகளும் இவுக அப்பா வீட்டுக்குப் போவாக, சாமி. நான் நடுச்சாமப் பூசை கண்டுட்டு இங்க வந்து படுத்துக்கிடுவேன். ஆறு வருஷமா இப்படித்தான்."

அவள் அழவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. பழகிப்போன காரியத்தைச் சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் என் நெஞ்சைச் சுட்டது. அவர்கள் விவாகம் கோவிலில், பீடத்துக்கு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு முறைப்படி நடந்த மெய்விவாகம். அவள் ஞானஸ்நானம் பெற்றவள், நன்மை வாங்குகிறவள். அவள் செய்த குற்றமெல்லாம் வேறொரு சாதியில் பிறந்ததுதான்.

பிரியமானவர்களே, இப்படிப்பட்ட வீடு அந்த ஒரு பங்கில்தான் உண்டு என்று நினையாதேயுங்கள். மருமகளையோ மருமகனையோ ஒதுக்குவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. கலியாணப் பத்திரிகையில் வீட்டார் பெயர்களையெல்லாம் அச்சடித்துவிட்டு, ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுவது ஒரு வழி. மகனுக்கு மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, "அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னோம்" என்று பிறகு சாதிப்பது ஒரு வழி. வீட்டார் எல்லோரும் சேர்ந்திருக்கும் கைபேசிக் குழுவில் ஒருத்தியை மட்டும் சேர்க்காதிருப்பது இந்தக் காலத்து வழி. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வரச்சொல்லிவிட்டு அடுக்களையிலேயே நிறுத்துவதும், படம் பிடிக்கும் நேரத்தில் "நீ கொஞ்சம் தள்ளி நில்லம்மா" என்பதும், எல்லா மருமக்களுக்கும் திருநாள் புடவை எடுத்து ஒருத்திக்கு மட்டும் எடுக்காததும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வசதியுள்ள வீட்டில் பெண் எடுத்த ஏழை மருமகனுக்கும் இதே கதிதான். மற்ற மருமகன்மார் காரில் வந்து இறங்க, இவனைப் பந்தல்கால் நடவும் தண்ணீர் சுமக்கவும் அழைத்து, பந்தியில் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார்கள்.

கையால் அடித்தால் ஊர் கேட்கும். இலை போடாமல் விட்டால் யார் கேட்பார்? ஆகையால்தான் இந்தப் பாவம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவதேயில்லை. "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்கிறோம். "என் மருமகளைத் திருநாளுக்கு அழைக்கவில்லை" என்று சொன்னவர்களை நான் கண்டது அரிது.

வேதாகமம் இதைக் குறித்து மௌனமாக இருக்கவில்லை. எண்ணாகமம் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மோயீசன் விவாகம் செய்திருந்தது கூஷ் தேசத்துப் பெண்ணை. அவள் அந்நிய ஜாதியாள். அதைக் காரணமாக வைத்து அவருடைய சொந்தச் சகோதரி மிரியாமும் சகோதரன் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசினார்கள். மோயீசனோ பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தமுள்ளவர் என்று அதே அதிகாரம் சாட்சி சொல்லுகிறது. அவர் ஒரு வார்த்தையும் மறுமொழி சொல்லவில்லை. சர்வேசுரன்தாமே பேசினார். மேகம் விலகியபோது, மிரியாமின் மேனி உறைபனியைப் போல வெளுத்துக் குஷ்டம் பிடித்திருந்தது. அண்ணன் மனைவியோ தம்பி மனைவியோ வீட்டுக்கு உரியவள் அல்ல என்று பேசியவள், ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே ஒதுங்கியிருக்க வேண்டியதாயிற்று. பிறரை எங்கே நிறுத்தப் பார்த்தாளோ அங்கே தானே நின்றாள்.

ஆனால் சரித்திரம் அங்கே முடியவில்லை. முடிவைக் கவனியுங்கள். மிரியாமுக்காகக் கடவுளை நோக்கிக் கூப்பிட்டு மன்றாடியவர் யார்? அவள் யாரைப் பழித்தாளோ அந்த மோயீசனே! அவள் திரும்பச் சேர்க்கப்படும் வரையில் அத்தனை பெரிய ஜனக்கூட்டமும் ஓரடி முன்னே போகாமல் காத்திருந்தது. இதுவே சர்வேசுரனுடைய குடும்பம். ஒருவர் வெளியே நிற்கையில் மற்றவர்கள் பயணத்தைத் தொடர்வதில்லை. நாமோ ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு, "ஆண்டவரே, எங்கள் உணவை ஆசீர்வதியும்" என்று சிலுவை வரைந்துகொண்டு பந்தியில் உட்காருகிறோம்.

சிலர் என்னிடம் நியாயம் பேசுவார்கள்: "சாமி, எங்களைக் கேளாமல் செய்த விவாகம். நாங்கள் எப்படி ஏற்றுக்கொள்வது?" தாய் தகப்பனுடைய மனவருத்தத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. பெற்று வளர்த்தவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் விவாகத்தை முடிவு செய்வது பெரிய காயம்தான். திருச்சபையும் அதை விரும்பினதில்லை. ஆயினும் 1563-ஆம் வருஷத்தில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் என்ன தீர்மானித்தது தெரியுமா? பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் செய்யும் விவாகத்தை அச்சங்கம் கண்டித்தது. அதேசமயம், பெற்றோர் சம்மதம் இல்லாததால் மட்டும் அந்த விவாகம் செல்லாது என்று சொல்லுகிறவர்களை அதைவிடக் கடுமையாகச் சபித்தது. ஏனென்றால் விவாகத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம். அதை வேறெந்த மனித அதிகாரமும் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இன்றைய திருச்சபைச் சட்டமும் இதையே சொல்லுகிறது. நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் அவள் உங்கள் மகனின் மனைவி. இருவரும் ஒரே சரீரம் என்று ஆதியாகமம் சொல்லுகிறது. நம் ஆண்டவரும் அதை உறுதிப்படுத்தினார். ஒரே சரீரத்தில் வலப்பாதியை விருந்துக்கு அழைத்து இடப்பாதியை வாசலில் நிறுத்த யாரால் கூடும்?

இதை உங்களுக்குச் சொல்லுமுன் என் குற்றத்தை நான் சொல்லியாக வேண்டும்.

என் மூத்த அண்ணன் எங்கள் சாதியல்லாத ஒரு கத்தோலிக்கப் பெண்ணை விவாகம் செய்தார். என் தகப்பனார் ஒப்பவில்லை. சில வருஷம் கழித்து எனக்குக் குருப்பட்டம் ஆனது. ஊரில் முதற்பூசை; வாசலில் பந்தல், வாழைமரம், மேளம், நானூறு பேருக்குச் சாப்பாடு. அதற்கு முந்தின இரவு தகப்பனார் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "மூத்தவன் வரட்டும். அவ வரவேண்டாம்." நான் உள் அறையில் செபப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைய சந்தோஷம் கெட்டுவிடக்கூடாது என்று எண்ணினேன். மறுநாள் அண்ணன் வந்தார். கோவிலின் பக்கவாசலருகே நின்று பூசை கண்டார். சாப்பிடாமல் போய்விட்டார். அன்று நான் பீடத்தில் நின்று சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன்.

மூன்று வருஷம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சொன்னது இதுதான்: "பந்தியில உக்காரணும்னு எனக்கு ஆசையில்ல, சாமி. புதுச் சாமி கைய முத்தி செய்ய ஊரே வரிசையில நின்னுச்சாம். எனக்கு அதுக்குக் குடுத்து வைக்கல." சொல்லிவிட்டு இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கு இலை போடப்படவில்லையோ, அவர்கள் போட்ட இலையில் நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை.

என் தகப்பனார் அந்த மதினியை ஒரு தடவையும் பெயர் சொல்லி அழைக்காமலே கண்ணை மூடினார். அவர் கல்நெஞ்சர் அல்ல, ஊருக்குப் பயந்தவர். குருவாகிய மகன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது மனம் இறங்கியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆகையால் இந்தக் காரியத்தில் உங்களுக்குக் குற்றமற்றவனைப் போல அல்ல, கடன்பட்டவனைப் போல எழுதுகிறேன்.

இனி ஒவ்வொருவருடைய கடமை என்னவென்று பார்ப்போம்.

முதலாவது, புருஷனுக்குச் சொல்லுகிறேன். மனைவியின் வீட்டார் புருஷனை ஒதுக்கினால் மனைவிக்கும் இதுவே பொருந்தும். ஒதுக்குகிறவர்கள் உன்னைப் பெற்றவர்கள். ஆகையால் பேசவேண்டியவன் நீ. உன் மனைவி அல்ல. "நீ கொஞ்சம் பொறுத்துக்கொள், நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன்" என்று வருஷாவருஷம் சொல்லுகிறாயே, அந்தத் தலை யாருடையது? தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு ஒன்றித்திருப்பான் என்ற தேவகட்டளை, பெற்றோரைக் கைவிடச் சொல்லுகிற கட்டளை அல்ல. உன் முதல் இடம் எது என்று சொல்லுகிற கட்டளை. "அப்படியானால் நான்காம் கற்பனை என்னாவது?" என்பாய். நான்காம் கற்பனை பெற்றோரைச் சங்கித்துப் பேணக் கட்டளையிடுகிறது. விவாகமான மகன் தன் மனைவிக்கு விரோதமான அநியாயத்துக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஆகையால் சண்டையில்லாமல், குரலை உயர்த்தாமல், திருநாளுக்கு முன்பே போய் இப்படிச் சொல்லு: "அப்பா, அம்மா, திருநாளுக்கு நாங்கள் எல்லோரும் வர ஆசைப்படுகிறோம். அவளுக்கு இலை இல்லையென்றால் எனக்கும் வேண்டாம். ஆனாலும் மறுநாள் காலையில் உங்களுக்கு மருந்து வாங்கிக்கொண்டு நான் வருவேன்." சொன்னபடியே மறுநாள் போ. மாதாமாதம் கொடுக்கிற பணத்தை நிறுத்தாதே. தாய்க்கு வியாதி என்றால் ஓடு. சாவு என்றால் யார் அழைத்தார், யார் அழைக்கவில்லை என்று பாராமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நில். விருந்துக்கு மட்டும் தனியாகப் போகாதே. கடமையில் ஒரு குறையும் வையாதே. கொண்டாட்டத்தில் அவளைப் பிரியாதே. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறவனைப் பெற்றோர் நெடுநாள் பகைக்கமாட்டார்கள்.

பிள்ளைகளை மட்டும் அழைக்கிற வீட்டைக் குறித்தும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் போகட்டும். வேறு நாட்களில் தாராளமாகப் போகட்டும். ஆனால் திருநாளன்று தாயைத் தனியே விட்டுவிட்டு அவர்களைப் புத்தாடை உடுத்தி அழைத்துப் போவது நல்லதல்ல. "அம்மா ஏன் வரவில்லை?" என்று குழந்தை கேட்கும். அதற்கு என்ன பதில் சொன்னாலும், ஒன்று பொய்யைக் கற்பிக்கிறோம் அல்லது சாதியைக் கற்பிக்கிறோம்.

இரண்டாவது, மாமனார் மாமியாருக்குச் சொல்லுகிறேன். பெரியவர்களே, உங்கள் பயத்தை நான் அறிவேன். "இவளைச் சேர்த்துக்கொண்டால் பந்துக்கள் வரமாட்டார்கள், இளைய மகளுக்கு மாப்பிள்ளை அமையாது" என்கிறீர்கள். இது வெறும் சாக்கு அல்ல. அப்படி நடந்த வீடுகளும் உண்டு. ஆனால் நினைத்துப் பாருங்கள். அண்ணன் மனைவியை வெளியே நிறுத்தினால்தான் பெண் எடுப்போம் என்கிற வீட்டார், நாளை உங்கள் மகளை எப்படி நடத்துவார்கள்? அந்த வீட்டுக்கு அவளைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

வேதாகமத்தில் தோபித்து என்கிற நல்ல பெரியவரைப் பாருங்கள். அவர் மருமகளாக வந்த சாராள் சாதாரணப் பெண் அல்ல. அவளுக்கு முன்பு ஏழு மாப்பிள்ளைகள் நியமிக்கப்பட்டு ஏழு பேரும் முதலிரவிலேயே மாண்டுபோனார்கள். நம் ஊராக இருந்தால் என்ன பெயர் சூட்டியிருப்பார்கள்? ராசியில்லாதவள் என்று நிழலைக்கூட மிதிக்கமாட்டார்கள். தோபித்தோ, குருடாயிருந்து அப்போதுதான் கண் தெரிந்தவர். மருமகள் வருகிறாள் என்று கேட்டவுடனே தாமே எழுந்து நினிவே பட்டணத்து வாசல்வரை நடந்துபோய், கடவுளைத் துதித்து, மகளே என்று அழைத்து, அவளை ஆசீர்வதித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். கண் திறந்த ஒரு மனிதர் செய்கிற வேலை இது. நம் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று சோதித்தறிய, மருமகள் வரும்போது நாம் வாசலுக்குப் போகிறோமா, உள்ளே போய்விடுகிறோமா என்று பார்த்தால் போதும்.

"அவர்கள் விவாகம் கோவிலில் நடக்கவில்லையே; பதிவு அலுவலகத்தில்தானே செய்தார்கள். சேர்த்துக்கொண்டால் பாவத்துக்கு உடந்தை ஆகாதா?" என்று பக்தியுள்ள சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் வரட்டும். விவாகத்தைத் திருச்சபை முறைப்படி ஒழுங்கு செய்ய வழி இருக்கிறதா என்று பார்ப்போம். மருமகளோ மருமகனோ ஞானஸ்நானம் பெறாதவராயிருந்தாலும், அதற்குரிய அனுமதியை மேற்றிராணியாரிடம் கேட்க வழி உண்டு. ஆனால் அதுவரையில் அவர்களுக்கு வீட்டில் ஒரு வாய் சோறு போடக்கூடாது என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. நம் ஆண்டவர் பாவிகளோடு பந்தியமர்ந்தார் என்றே குற்றஞ்சாட்டப்பட்டார். பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார் என்று யாரும் அவரைக் குற்றஞ்சொன்னதில்லை. கதவைச் சாத்தினால் அவர்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, கோவிலுக்கும் தூரமாகிறார்கள்.

ஒன்றை மட்டும் வேறாகச் சொல்லுகிறேன். குடித்துவிட்டு வந்து கைநீட்டுகிறவன், பெண்பிள்ளைகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தானவன், மருமகனானாலும் மகனானாலும், அவனைத் தூரத்தில் நிறுத்துவது ஒதுக்குவது அல்ல, காவல். அவன் திருந்தத் துணைசெய்யுங்கள். அதுவரைக்கும் வீட்டாரைக் காத்துக்கொள்ளுங்கள். சாதியையும் வரதட்சணையையும் பிள்ளையில்லாமையையும் இதோடு சேர்க்காதேயுங்கள்.

மூன்றாவது, ஒதுக்கப்பட்டிருக்கிற சகோதரியே, சகோதரனே, உனக்கு என்ன சொல்வேன்? "எல்லாவற்றையும் ஒப்புக்கொடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உனக்கு நடப்பது அநியாயம். அதை அநியாயம் என்று சொல்வது பாவம் அல்ல. சோற்றுக்காகக் கெஞ்சிப் போகவேண்டாம். அழைக்காத வீட்டு அடுக்களையில் வேலைக்காரியாக நின்று அன்பைச் சம்பாதிக்கவும் முயலவேண்டாம். அப்படிச் சம்பாதித்தது நிலைப்பதில்லை. ஆனால் உன் பங்குக்கு நீ கதவைச் சாத்தாதே. பிள்ளைகள் முன்னிலையில் அவர்கள் தாத்தா பாட்டியைப் பழித்துப் பேசாதே. பழிக்குப்பழியாக உன் புருஷனை அவன் தாயிடமிருந்து பிரிக்காதே. அப்படிச் செய்தால் உனக்குச் செய்ததையே நீ அந்தக் கிழவிக்குச் செய்தவளாவாய். மோயீசன் மிரியாமுக்காக மன்றாடினதைப் போல மன்றாடு. முதலில் வார்த்தை வராது. பெயரை மட்டும் சொல்லு. ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு. அது போதும்.

உனக்கு ஒரு துணையும் உண்டு. அர்ச்சியசிஷ்ட தேவசகாயம்பிள்ளையை நாம் எல்லோரும் அறிவோம். 1745-ஆம் வருஷம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில் வேதசாட்சியாக மரித்தார். 2022-ஆம் வருஷம் மே 15-ஆம் தேதி பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தார். ஆனால் அவருடைய மனைவியை எத்தனை பேர் நினைக்கிறோம்? பார்கவி என்கிற அந்த அம்மாள் புருஷனைப் போலத் தானும் வேதத்தில் சேர்ந்து ஞானப்பூ என்ற பெயர் பெற்றாள். உறவினருக்கும் ஊராருக்கும் பயந்து சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் வடக்கன்குளத்திலேயே தங்கினாள். புருஷன் இறந்து பதினாலு வருஷம் அங்கேயே விதவையாக வாழ்ந்து 1766-இல் மரித்து அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டாள். அந்தப் பதினாலு வருஷத்தில் எத்தனை திருநாள் வந்திருக்கும்! ஒதுக்கப்பட்டவர்கள் ஆண்டவருக்குத் தூரமானவர்கள் அல்ல என்பதற்கு அந்த ஊர் மண்ணே சாட்சி.

அதே வடக்கன்குளம் நமக்கு இன்னொரு பாடமும் கற்பிக்கிறது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோவிலுக்குப் பெயர் திருக்குடும்பக் கோவில். பெயர் அப்படியிருந்தும், உள்ளே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் இருந்தது. சேசு, மரி, சூசை என்கிற ஒரே குடும்பத்தின் பெயரால் கட்டிய கோவிலில், ஒரே தகப்பனின் பிள்ளைகள் ஒருவரையொருவர் பாராமல் பூசை கண்டார்கள்! 1910-ஆம் வருஷத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்காடிப் பார்த்தார்கள்; சுவர் திரும்ப எழவில்லை. அது இடிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கோவிலில் இடித்த சுவரை நாம் வீட்டுக் கூடத்தில் எழுப்பலாமா? கோவிலில் அவளும் நாமும் ஒரே பந்தியில் தேவநற்கருணை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவளுக்கு இலை இல்லை என்றால், எந்தப் பந்தியை நாம் பெரிதென்று எண்ணுகிறோம்?

நான்காவது, அண்ணன் தம்பிமார்களே, அக்காள் தங்கைமார்களே, அத்தை சித்திமார்களே, உங்களுக்கு. பெரும்பாலான வீடுகளில் ஒதுக்குகிறவர்கள் ஒருவர் அல்லது இருவர்தான். மற்றவர்கள் என்னைப்போல உள் அறையில் செபப்புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து வாருங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் "மதினி பெயர் எங்கே?" என்று நீங்கள் கேளுங்கள். படம் எடுக்கும்போது நீங்கள் கையைப் பிடித்து இழுத்து உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். சண்டை போடவேண்டாம்; ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை பேசப்படாததால்தான் அநேக வீடுகளில் இருபது வருஷம் மௌனமாகப் போய்விட்டது.

பெயர் என்று சொன்னேன். டிசம்பர் 17-ஆம் தேதிப் பூசையில் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் வாசிக்கப்படும். நம் ஆண்டவருடைய வம்ச வரலாறு. பெயர்கள் நீளமாயிருக்கிறதே என்று சிலர் அப்போது கொட்டாவி விடுவதுண்டு. இந்த வருஷம் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். நாமாக இருந்தால் பத்திரிகையில் விட்டிருக்கக்கூடிய பெயர்கள் அதில் இருக்கின்றன. தாமார் இருக்கிறாள். எரிக்கோ பட்டணத்து ராகாப் இருக்கிறாள். உரியாசின் மனைவி இருக்கிறாள். மோவாபியப் பெண் ரூத் இருக்கிறாள். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரைக்கும் ஆண்டவருடைய சபையில் சேரலாகாது என்று எழுதியிருந்த காலம் அது. ஆனாலும் மாமியாராகிய நோவேமி அவளை மகளே என்றுதான் அழைத்தாள். அந்த மருமகளுடைய கொள்ளுப்பேரன் தாவீது அரசன். தாவீதின் வம்சத்தில் பிறந்தவர் நம் இரட்சகர். நோவேமி அன்று தன் வாசலைச் சாத்தியிருந்தால் என்று எண்ணிப்பாருங்கள்! பெத்லகேமில் அந்நிய மருமகளுக்கு ஒரு வாசல் திறந்தது. பல நூறு வருஷம் கழித்து அதே பெத்லகேமில் தேவமாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடமில்லை என்று வாசல் சாத்தப்பட்டது. இந்த இரண்டு வாசலில் எது நம் வீட்டு வாசல்?

கடைசியாக, இந்தத் திருநாளுக்கு இரண்டு காரியம் கேட்கிறேன்.

ஒன்று, திருநாளுக்கு முன் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்தக் காரியத்தையும் ஆத்துமசோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் கற்பித்தது உங்களுக்குத் தெரியும். சகோதரன் என்ற சொல்லில் மருமகள் அடங்கமாட்டாள் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டு, நேரில் போய் அழையுங்கள். ஆள் சொல்லி அனுப்பவேண்டாம். மகனிடம் சொல்லிவிடவும் வேண்டாம். மாமனாரும் மாமியாரும் எழுந்து, அந்த வீட்டுவாசலுக்குப் போய், அவள் பெயரைச் சொல்லி, "திருநாளுக்கு வாம்மா" என்று அழையுங்கள். பழைய கணக்கெல்லாம் அன்றே தீர்க்கவேண்டும் என்பதில்லை. ஒரு இலையில் தொடங்குங்கள். கூச்சமாக இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். நானும் கூட வருகிறேன். அன்று என் வீட்டில் நான் நடக்காத நாலு அடியை உங்களோடு நடக்க எனக்கு ஆசை.

திருக்குடும்பத் திருநாளன்று பூசையில் விவாகமான எல்லோரும் தங்கள் வாக்குத்தத்தத்தைப் புதுப்பிப்பார்கள். அன்று எந்தப் புருஷனும் தனியாக நிற்கவேண்டாம். எந்த மனைவியும் பக்கவாசலில் நிற்கவேண்டாம். மாமனார், மாமியார், மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். இடம் போதாவிட்டால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சேசு, மரி, சூசை என்ற திருநாமங்களின் ஆசீர்வாதம் உங்கள் வீடுகளிலும், உங்கள் பந்தியிலும், அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்கள்மேலும் இறங்குவதாக. ஆமென்.

உங்கள் ஆத்தும நன்மையை நாடும்,
பங்குச் சுவாமியார்